"ஈஸ்ட் செத்து வெளியே வருது" என்று யாராவது சொன்னால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள்

நாய் வளர்ப்பவர்கள், முக்கியமாகத் தொங்கு காது நாய் வைத்திருப்பவர்கள், நேரம் ஒதுக்கி இதை முழுசாகப் படியுங்கள். எங்கள் ராணி காக்கர் ஸ்பேனியல், ஆறு வயது. அவளுக்கு வந்தது தோலிலும் காதிலும் ஈஸ்ட் என்கிற ஒரு வகைப் பூஞ்சையின் தொற்று. நான்கு மாதம் நான் தவறான ஆட்களை நம்பினேன், வலியை அனுபவித்தது அவள்.

முதலில் பாதம் நக்குவதில்தான் தொடங்கியது. ராத்திரி விளக்கை அணைத்ததும் சளக் சளக் என்று சத்தம் கேட்கும், காலையில் பார்த்தால் விரலிடுக்கில் இருக்கிற வெள்ளை முடி செம்பட்டையாகியிருக்கும் (எச்சில் பட்டுப் பட்டு அப்படி ஆகும்). அப்புறம் தலையை உதற ஆரம்பித்தாள். காது மடலைத் தூக்கினால் பழைய எண்ணெய்ச் சிக்கு வாடை, உள்ளே கரும்பழுப்பு மெழுகு. அப்போது காட்டிய டாக்டர் தூரத்திலிருந்தே பார்த்து "அலர்ஜி" என்றார், ஸ்டீராய்டு ஊசி போட்டு ஆன்டிபயாடிக் மாத்திரை கொடுத்தார். பத்து நாள் அரிப்பு இல்லை. பதினோராம் நாள் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆன்டிபயாடிக் பாக்டீரியாவைத்தான் கொல்லும், ஈஸ்ட்டை ஒன்றும் செய்யாது என்பது எனக்கு அப்போது தெரியாது.

அந்த வெறுப்பில்தான் "இயற்கை முறையில் ஈஸ்ட் சுத்திகரிப்பு" என்று விளம்பரம் செய்த ஓர் இடத்துக்குப் போனேன். நாயை அவர்கள் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்சம் முடியும் எச்சில் பஞ்சும் அனுப்பச் சொன்னார்கள். ஒரு வாரத்தில் பக்கம் பக்கமாக ரிப்போர்ட் வந்தது, ராணிக்கு ஒத்துக்கொள்ளாத பொருட்கள் என்று நீளப் பட்டியல், கடைசியில் "உடல் முழுவதும் ஈஸ்ட் நிறைந்துள்ளது". மூன்று மாதத் திட்டம், பணம் முழுவதும் முன்கூட்டியே. சாப்பாட்டில் கலக்க ஒரு பொடி, தோலில் தடவ டீ ட்ரீ எண்ணெய் (ஒரு மரத்தின் இலையிலிருந்து எடுக்கிற எண்ணெய், தேயிலை இல்லை) கலந்த தைலம், காதில் ஊற்ற வினிகர் கலவை, மாவுச்சத்தே இல்லாத சாப்பாடு. கூடவே ஒரு நிபந்தனை: இந்த மூன்று மாதமும் டாக்டர் மருந்து எதுவும் கொடுக்கக் கூடாது. அந்த ஒரு வரியிலேயே நான் விழித்திருக்க வேண்டும்.

இரண்டாவது வாரம் அக்குளும் அடிவயிறும் ரணமாகச் சிவந்துவிட்டன. காதில் அந்தக் கலவை பட்டதும் வீறிட்டாள். போட்டோ எடுத்து அனுப்பினால், "நல்ல அறிகுறி மேடம், ஈஸ்ட் செத்து வெளியே வருது, தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க" என்று பதில். ஒவ்வொரு தடவையும் இதேதான். கேட்கும்போது நியாயமாகத்தான் படும், ஏனென்றால் நாய் மோசமாக மோசமாக மருந்து வேலை செய்கிறது என்று நாமே நம்பிக்கொள்கிறோம். ஐந்து வாரம் நம்பினேன். அக்குள் தோல் கருத்துத் தடித்து யானைத் தோல் போல மடிப்பு விழுந்தது. பாட்டில் மூடி திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒண்டிக்கொள்வாள். என் கையைப் பார்த்தே பயந்தாள்.

ஒரு சாயங்காலம் தைலம் தடவிய இடத்தையெல்லாம் நக்கியிருக்கிறாள், கொஞ்ச நேரத்தில் பின்னங்கால்கள் தள்ளாடின. போன் செய்தால் "உடம்பு சுத்தமாகும்போது பலவீனம் வரும்" என்றார்கள். போனை வைத்துவிட்டு வேறொரு மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். டீ ட்ரீ எண்ணெய் நாய்க்கு விஷம், நக்கி உள்ளே போனாலும் ஆபத்து, தோல் வழியாக ஏறினாலும் ஆபத்து. எண்ணெயைக் கழுவி எடுத்து, ராத்திரி முழுக்க அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் அந்த மருத்துவர் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். காதில் ஒரு பஞ்சுக் குச்சியை விட்டு எடுத்துக் கண்ணாடித் துண்டில் உருட்டினார். அக்குளில் ஒரு துண்டு செலோ டேப்பை ஒட்டி எடுத்தார். சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் வைத்தார், மொத்தமே பத்து நிமிஷம்தான். "நீங்களே பாருங்க" என்றார். ஊதா நிறத்தில், இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை ஓடு மாதிரி, கும்பல் கும்பலாக. இதுதான் அந்த ஈஸ்ட், மலசேசியா என்று பெயர். ஆரோக்கியமான நாய்களின் தோலிலும் காதிலும்கூடக் கொஞ்சம் இருக்குமாம். அலர்ஜி, தைராய்டு குறைவு, தோல் மடிப்பில் ஈரம் என்று ஏதாவது ஒன்று இடம் கொடுத்தால்தான் பெருகும். அது தின்பது தோலில் இருக்கிற கொழுப்பைத்தான். அப்படியிருக்க, மாவுச்சத்தை நிறுத்தி அதைப் பட்டினி போடுகிறோம் என்று ஐந்து வாரம் அவளுக்குப் பிடித்த சாப்பாட்டையெல்லாம் நிறுத்தியது எதற்கு? ரிப்போர்ட்டையும் காட்டினேன். முடியையும் எச்சிலையும் வைத்து அலர்ஜியைச் சொல்லவே முடியாது என்றார், சாப்பாட்டு அலர்ஜியா என்று தெரிய குறைந்தது 8 வாரம் கட்டுப்பாடான உணவு கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

வலது காது வீங்கி அடைத்திருந்ததால் செவிப்பறை தெரியவில்லை. அதனால் சொட்டு மருந்தை உடனே ஊற்றவில்லை, வீக்கம் குறைய மாத்திரை கொடுத்து, கருவி வைத்து உள்ளே பார்த்த பிறகுதான் ஊற்றினார். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் காதைச் செவிடாக்கிவிடும். இது தெரியாமல்தான் நான் வினிகரை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் 2% குளோர்ஹெக்ஸிடின் (கிருமிநாசினி), 2% மைகோனசோல் (பூஞ்சை மருந்து) சேர்ந்த ஷாம்பு, வாரம் இரண்டு முறை. நுரை போட்டு 10 நிமிஷம் அப்படியே விட வேண்டும், கடிகாரம் பார்த்து. தேய்த்ததும் அலசினால் பலன் இல்லை. பத்து நிமிஷமும் அவளைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே உட்கார்ந்திருப்பேன். ஈரல் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு இட்ராகோனசோல் என்கிற பூஞ்சை மாத்திரையும் கொடுத்தார். மூன்று வாரத்தில் வாடை போய்விட்டது, ஆனால் டேப்பில் இன்னும் ஈஸ்ட் தெரிந்தது, அதனால் மேலும் மூன்று வாரம். வாடை போனதும் நானாக நிறுத்தியிருந்தால் மறுபடி ஆரம்பித்திருக்கும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். "நீங்க பாதியிலே நிறுத்தினதாலதான் குணமாகல" என்று பதில் வந்தது, அதற்கப்புறம் பதிலே இல்லை.

உங்கள் நாய்க்கு ஈஸ்ட் என்று யார் சொன்னாலும் சரி, "மைக்ராஸ்கோப்பில் பார்த்தீங்களா, எனக்கும் காட்டுங்க" என்று கேளுங்கள். பார்க்காமலே மருந்து விற்கிறவரிடம் ஒரு பொட்டலம்கூட வாங்காதீர்கள். தடவிய மருந்தில் தோல் ரணமானால் அது ரணம்தான்.

ராணிக்கு அக்குளில் முடி முளைத்துவிட்டது. தைராய்டு சரியாக இருக்கிறது, உணவுச் சோதனையில் இப்போது ஐந்தாவது வாரம். பாட்டில் மூடி சத்தம் கேட்டால் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் போகிறாள், அதனால் ஷாம்புவை வேறு டப்பாவில் ஊற்றி வைத்திருக்கிறேன்.