மொத்த வாடிக்கையாளருக்கு வாட்ஸ்அப் பிஸ்னஸில் எழுதி ஆறு வருடம்

கொழும்பு புறக்கோட்டையில் உணவுப் பொதி சாமான் மொத்தமாக விற்கும் கடையொன்றில் வேலை செய்கிறேன். பிரியாணிப் பெட்டி, பேப்பர் கப், கறி டப்பா இப்படி. வாங்குகிறவர்கள் சாப்பாட்டுக் கடைக்காரர்கள், கேட்டரிங் செய்கிறவர்கள், ஹோட்டல்களின் கொள்வனவுப் பிரிவுகள். அவர்களுக்கு விளம்பரம் எழுதி அனுப்புவது என் பொறுப்பு. 2019இலிருந்து அதற்கு வாட்ஸ்அப் பிஸ்னஸ் செயலியைத்தான் பயன்படுத்துகிறேன்.

முதல் வருடம் நான் எழுதியது: “உயர்தரமான, சூழலுக்கு உகந்த பொதிகள், நியாயமான விலையில்!” யாரும் பதில் போடவில்லை. வெள்ளவத்தையில் கடை வைத்திருக்கும் ஒரு ஐயாதான் போன் எடுத்துக் கேட்டார்: “பிள்ளை, எல்லாம் சரி. இதுக்குள்ள எவ்வளவு சோறு கொள்ளும்? குழம்பு ஊத்தினா அடி நனையுமோ?” இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. அன்று மதியம் என் சாப்பாட்டையே எங்கள் பெட்டியில் போட்டு, பருப்பும் கோழிக் குழம்பும் ஊற்றி வைத்துப் பார்த்தேன். முக்கால் மணித்தியாலம் தாங்கியது. அப்புறம் ஒரு மூலையில் எண்ணெய் கசிந்தது. அடுத்த செய்தி இப்படிப் போனது:

“பிரியாணிப் பெட்டி. முழுச் சாப்பாடு, முட்டையோடு கொள்ளும். குழம்பு 45 நிமிடம் வரை நனையாது. அதற்கு மேல் தூரம் போகும் பார்சலுக்கு உள்ளே பேப்பர் போடவும். 100 பெட்டி ஒரு கட்டு. இன்று சொன்னால் நாளை காலை 10 மணிக்குள் கடைக்கு வரும்.”

கசிவதைச் சொன்னதற்கு முதலாளி முகம் சுளித்தார். ஆனால் அந்த வரியைப் பார்த்துத்தான் நம்பிக்கை வந்தது என்று அந்த ஐயாவே சொன்னார். இன்றுவரை எங்களிடம்தான் வாங்குகிறார்.

செயலியைப் பற்றிச் சொல்வதென்றால், ஒரே செய்தியைப் பலருக்கு ஒரேயடியாக அனுப்பும் பிரோட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர்தான். அதுவும் நம் நம்பரைச் சேமித்து வைத்திருப்பவருக்கு மட்டுமே போகும். அதனால் பில்லின் அடியிலேயே “விலை மாறினால் முதலில் தெரிய, இந்த நம்பரைச் சேமியுங்கள்” என்று அச்சடித்தோம். வாடிக்கையாளரை வகை பிரித்து வைக்கும் லேபிளும், சாமான்களைப் படத்தோடு காட்டும் கட்டலொக்கும் நல்ல உதவி. சமையல்கட்டில் நிற்பவர் போனைத் திறக்காமல் முதல் வரியை மட்டும்தான் பார்ப்பார். அங்கே “இனிய காலை வணக்கம்” போட்டால் அந்த இடம் வீண். சாமானின் பெயரும் விலையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

விலைக்குப் பக்கத்தில் திகதி வேண்டும் என்பதை 2022இல் பட்டுத் தெரிந்துகொண்டேன். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவைச் சுற்றி நின்ற டொலர் மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. நான் திகதி இல்லாமல் அனுப்பிய பழைய விலையைக் காட்டி ஒருவர் ஓடர் கேட்டார். கொடுத்தோம், நட்டத்தோடு. அதிலிருந்து “இந்த விலை வெள்ளி வரை” என்ற வரி இல்லாமல் எதுவும் போவதில்லை.

அதிகம் பதில் வந்த செய்தியில் விளம்பரமே இல்லை என்றுகூடச் சொல்லலாம். 2023 ஒக்டோபர் 1 முதல் பிளாஸ்டிக் ஸ்ட்ரோ, தட்டு, கரண்டி, இடியப்பத் தட்டு எல்லாம் தடை. எது தடை, எங்களிடம் அதற்குப் பதில் என்ன இருக்கிறது, கட்டு எவ்வளவு என்று மட்டும் எழுதினேன். யோகட் கரண்டியும் அதில் சேரும் என்பது பலருக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஹோட்டல் கொள்வனவு அதிகாரிக்கு எழுதுவது வேறு. அவர் அதைக் கணக்காளருக்கு அப்படியே அனுப்புவார். அதனால் விலை வற் (பெறுமதி சேர் வரி) சேர்த்தா, சேர்க்காமலா, கடன் எத்தனை நாள் என்பது தெளிவாக இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் வற் 18 வீதமானபோது எல்லாக் கொட்டேஷனையும் திருத்தி அனுப்பினேன்.

சிங்களச் செய்திகளை இப்போதும் எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணா வாசித்த பிறகுதான் அனுப்புகிறேன். போன கிழமை “நனையாது” என்பதற்கு நான் போட்டிருந்த புத்தகச் சொல்லை வெட்டிவிட்டு, கடைக்காரர்கள் வாயில் வரும் சொல்லை எழுதித் தந்தார்.