மார்த்தாண்டத்தில் ஒரு இங்கிலீஷ் வகுப்பு: அட்வெர்ப் (வினையடை) சரியாக வரணும் என்றால் இங்கே போங்க

நான் ஸ்டாஃப் நர்ஸ். அயர்லாந்துக்கு முயற்சி செய்கிறேன், ஓஇடி (மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான இங்கிலீஷ் பரீட்சை, அதில் நோயாளியைப் பற்றி ஒரு கடிதமும் எழுத வேண்டும்) எழுத வேண்டும், அதற்காகத்தான் இந்த வகுப்பில் இரண்டு மாதம் படித்தேன். மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம்தான், ஒரு கடைக்கு மேலே மாடியில் ரிட்டயர் ஆன டீச்சர் ஒருவர் நடத்துகிறார். வெளியே பெயர்ப் பலகை கிடையாது. கூட வேலை பார்க்கிற அக்கா சொல்லித்தான் எனக்கே தெரியும். சனி, ஞாயிறு மாலை 3 மணியிலிருந்து 5.30 வரை, ஃபீஸ் 4,500 ரூபாய். நம்ம மாவட்டத்தில் வெளிநாட்டுக்குக் கிளம்பும் நர்ஸ்கள் இத்தனை பேர் இருக்கிறோமே, யாருக்காவது உதவட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு இடத்தில் மூன்று மாதம் படித்தேன். அங்கே அட்வெர்ப் என்றால் கடைசியில் ‘லி’ வரும் சொல், அவ்வளவுதான். நீளமான பட்டியல் ஒன்று கொடுத்து மனப்பாடம் பண்ணச் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தில் நான் ‘ஃபாஸ்ட்லி’ என்றே எழுதிக்கொண்டிருந்தேன், ஒருவரும் திருத்தவில்லை. ஃபாஸ்ட் என்பதே அட்ஜெக்டிவ் (பெயரடை), அட்வெர்ப் என்று இரண்டு வேலையையும் பார்க்கும், ‘ஃபாஸ்ட்லி’ என்று ஒரு சொல்லே இல்லை, ‘ஃப்ரெண்ட்லி’யில் ‘லி’ இருந்தாலும் அது அட்வெர்ப் கிடையாது என்பதெல்லாம் இந்த டீச்சரிடம் வந்த பிறகுதான் தெரிந்தது.

முதல் நாள் அவர் போர்டில் எழுதியது ஒரு இங்கிலீஷ் சொல்லே அல்ல, நம்ம ஊர் ‘பைய’. பைய நட, பைய எடு என்று வீட்டில் சொல்கிறோமே, அதுதான். ‘பைய’ எந்தச் சொல்லோடு போய் ஒட்டுகிறது என்று கேட்டார். நட, எடு என்ற வினையோடு. “இதுதான் அட்வெர்ப், நீங்க பிறந்ததிலிருந்து பேசுறதுதான், மனசிலாச்சா மக்ளே?” என்றார். அடுத்தது, ‘பையப் பைய குணமாகுது’ என்று சொல்கிற வாய் ‘ஸ்லோலி ஸ்லோலி’ என்றுதான் இங்கிலீஷில் எழுதும், கடிதத்தில் அங்கே ‘கிராஜுவலி’ என்று ஒரே சொல் போதும் என்றார். தமிழில் நாம் என்ன செய்கிறோம், அது இங்கிலீஷில் எங்கே இடறுகிறது என்று காட்டித்தான் எதையும் நடத்துகிறார். மற்ற இடங்களுக்கும் இந்த வகுப்புக்கும் உள்ள பெரிய வித்தியாசம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இடம் பற்றிய பாடம் ரொம்ப நன்றாக இருந்தது. தமிழில் வினை கடைசியில் வரும், அதற்கு முன்னால் அட்வெர்ப் உட்காரும்: ‘மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறார்’. இதையே நாங்கள் ‘ஹி டேக்ஸ் ரெகுலர்லி ஹிஸ் டேப்லெட்ஸ்’ என்று எழுதுவோம். வினைக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் நடுவில் போய் நுழையாதீர்கள் என்று சொல்லி, ‘ரெகுலர்லி’யை ‘டேக்ஸ்’க்கு முன்னால் ஒரு முறை, வாக்கியத்தின் கடைசியில் ஒரு முறை வைத்து எங்களையே வாசிக்கச் சொன்னார். ‘ஒன்லி’யும் இதே கதைதான். தமிழில் ‘மட்டும்’ சொல்லுக்குப் பின்னால் வரும்: ‘இரவில் மட்டும்’. இங்கிலீஷில் அது முன்னால் போக வேண்டும்: ‘ஒன்லி அட் நைட்’. மருந்துக் குறிப்பில் இது தவறான இடத்தில் நின்றால் ‘இரவில் மட்டும் மாத்திரை’ என்பது ‘இரவில் மாத்திரை மட்டும்’ என்று ஆகிவிடும். சாதாரணப் பேச்சில் வினைக்கு முன்னால் போட்டாலும் புரிந்துகொள்வார்கள், ஆனால் கடிதத்தில் அது எந்தச் சொல்லுக்கு உரியதோ அதன் பக்கத்திலேயே வையுங்கள் என்றார்.

நான் இந்த வகுப்பை நம்பியது நான்காவது வாரம். ரோல் ப்ளே நடந்தது, நான் நர்ஸ், டீச்சர் நோயாளியின் மகள். அப்பாவுக்கு எப்படி இருக்கு என்று கேட்டார். படியேறி வந்ததால் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது என்று சொல்ல நினைத்து, ‘ஹி இஸ் ஹார்ட்லி ப்ரீதிங்’ என்றேன். டீச்சர் பேசுவதை நிறுத்திவிட்டார். “நீ இப்ப என் அப்பாவுக்கு மூச்சே இல்லேங்கிற மாதிரி சொல்லிட்ட மக்ளே” என்றார் மெதுவாக. ‘ஹார்ட்’ என்றால் பலமாக, ‘ஹார்ட்லி’ என்றால் கிட்டத்தட்ட இல்லை என்கிற அளவுக்கு. வார்டில் இதைச் சொன்னால் கிராஷ் கார்ட்டை (உயிர் காக்கும் கருவிகள் உள்ள அவசர வண்டி) தள்ளிக்கொண்டு ஓடி வருவார்கள். கடிதத்தில் இரண்டுமே வேண்டாம், ‘ஷார்ட் ஆஃப் ப்ரெத்’ என்று எழுதிவிடு என்றார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. ‘லேட்’டும் ‘லேட்லி’யும் அதே போல வேறு வேறு, பின்னது ‘சமீப காலமாக’.

குறைகளும் உண்டு. ஒரு பேட்ச்சில் 22 பேர், அதனால் பேசும் வாய்ப்பு வாரத்துக்கு ஒரு முறை வந்தால் பெரிது. ஜெராக்ஸ் தாள்கள் மங்கல், சிலது வாசிக்கவே முடியாது. எனக்குப் பெரிய வருத்தம் ‘இன்னும்’ பாடம். ‘இன்னும் வலி இருக்கு’ என்றால் ‘ஸ்டில்’, ‘இன்னும் ரிப்போர்ட் வரல’ என்றால் ‘யெட்’, ‘இன்னும் கொஞ்சம்’ என்றால் ‘மோர்’. நம்ம ஒரே சொல்லுக்கு அங்கே மூன்று. கேஸ் நோட்ஸ் (நோயாளி பற்றிய குறிப்புகள்) முழுக்க வருகிற விஷயம், அதைக் கடைசி வாரத்தில் அரை மணி நேரத்தில் முடித்துவிட்டார். அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்க வேண்டும். நேரிலேயே சொன்னேன், அடுத்த பேட்ச்சில் சரி செய்கிறேன் என்றார்.

ஓஇடி ரைட்டிங்குக்கு மொத்தமே 45 நிமிடம், அதில் முதல் 5 நிமிடம் நோட்ஸ் வாசிக்க, மீதி 40 நிமிடத்தில் 180 முதல் 200 சொற்களில் கடிதம். முன்பு நான் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘வெரி’ போட்டு இடத்தை வீணாக்குவேன், இப்போது ‘கரன்ட்லி’, ‘ப்ரீவியஸ்லி’, ‘இண்டிபெண்டன்ட்லி’ என்று தேவையானது மட்டும் தேவையான இடத்தில் வருகிறது. பரீட்சை அடுத்த மாதம்.

பேசிப் பழகுவதுதான் உங்களுக்கு முதல் தேவை என்றால் வேறு இடம் பாருங்கள். எழுத்தும் இலக்கணமும் வேண்டும் என்றால் தயங்காமல் சேரலாம். நைட் டியூட்டி இருக்கிறவர்கள் முன்னாடியே சொல்லிவிடுங்கள், விட்டுப்போன பாடத்தை அடுத்த சனிக்கிழமை 2 மணிக்கே வரச் சொல்லித் தனியாக நடத்தித் தருவார். எனக்கு அப்படி மூன்று முறை நடத்தினார், கூடுதல் காசு வாங்கவில்லை.