மீன் எண்ணெய் மாத்திரையா, மத்தி மீனா? பெரியப்பா அலமாரியில் இருந்த நான்கு டப்பாக்கள்

பெரியப்பாவுக்கு ஸ்டென்ட் வைத்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தை மாதம் காட்பாடியில் அவர் வீட்டுக்குப் போனபோது அலமாரியில் நான்கு டப்பாக்கள் இருந்தன: மீன் எண்ணெய், பூண்டு எண்ணெய், சிவப்பு ஈஸ்ட் அரிசி, இசப்கோல். "எல்லாம் சாப்புடுற பொருள்ல இருந்து எடுத்ததுதாம்பா, ஒண்ணும் பண்ணாது" என்றார். அந்த நம்பிக்கையில், டாக்டர் எழுதிக் கொடுத்த அட்டோர்வாஸ்டாடினை (கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாடின் வகை மாத்திரை) இரண்டு மாதமாக நிறுத்தியிருந்தார். ரத்தம் கொடுத்துப் பார்த்தால் எல்டிஎல் எனும் கெட்ட கொலஸ்ட்ரால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று இரவே நான்கையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அலசினேன்.

மீன் எண்ணெயில்தான் அவர் அதிகம் செலவழித்திருந்தார். டப்பாவின் முன்பக்கம் 1000 மில்லிகிராம் என்று பெரிதாக இருக்கும். பின்பக்கம் திருப்பினால் சாதாரண மாத்திரையில் இபிஏ 180, டிஹெச்ஏ 120 மில்லிகிராம். அதாவது இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ஒமேகா-3 வெறும் 300. மீதி வேறு கொழுப்பு. 2018-இல் முடிவு வெளியான வைட்டல் ஆய்வில் அமெரிக்காவில் 25,871 பேரைச் சேர்த்து, பாதிப் பேருக்குத் தினமும் 1 கிராம் மீன் எண்ணெயும் பாதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஐந்து வருடம் கவனித்தார்கள். மாரடைப்பு, பக்கவாதம், இதய நோய் மரணம் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் இரு பக்கமும் பெரிய வித்தியாசமில்லை. அதே ஆண்டு முடிவு வெளியான, பிரிட்டனில் சர்க்கரை நோயாளிகள் 15,480 பேரிடம் நடந்த அசெண்ட் ஆய்விலும் இதே கதைதான்.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ரெட்யூஸ்-இட் ஆய்வில் தினமும் 4 கிராம் சுத்திகரித்த இபிஏ எடுத்தவர்களுக்கு இதயப் பாதிப்புகள் 25 சதவீதம் குறைந்தன. ஆனால் அது டாக்டர் சீட்டோடு வாங்கும் மருந்து. ஸ்டாடின் எடுத்தும் ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு அதிகமாக இருந்தவர்களுக்குக் கொடுத்தது. ஒப்பிடக் கொடுத்த மினரல் ஆயில் நடுநிலையானதுதானா என்ற சர்ச்சையும் ஓயவில்லை. இபிஏயும் டிஹெச்ஏயும் கலந்து 4 கிராம் கொடுத்த ஸ்ட்ரெங்த் ஆய்வு 2020-இல் பலனில்லை என்று முடிந்தது. இவ்வளவு அதிக அளவில் இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனும் கூடியது.

சரி, மீன்? 100 கிராம் மத்தியில் இந்த ஒமேகா-3 ஒரு கிராமுக்கு மேல் கிடைக்கும், கூடவே புரதமும் கால்சியமும். வாரம் இரண்டு முறை மீன் என்பதுதான் இதய மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் அளவு. வேலூரில் கடல் இல்லை என்றாலும் மார்க்கெட்டில் மத்தியும் காணாங்கெளுத்தியும் வஞ்சிரத்தைவிட மலிவாகவே கிடைக்கின்றன. குழம்பு வையுங்கள், எண்ணெயில் முறுகப் பொரித்தால் வாங்கிய பலன் போய்விடும். கருவாட்டை இதோடு சேர்க்காதீர்கள், அதிலுள்ள உப்பு பிரஷர்காரர்களுக்கு ஆகாது. சைவக்காரர்களுக்கு ஆளி விதை பரவாயில்லை, ஆனால் அதன் ஒமேகா-3 வேறு வகை. உடம்பு அதில் கொஞ்சத்தைத்தான் இபிஏவாக மாற்றிக்கொள்ளும்.

பூண்டில் அதிக யோசனை தேவைப்படவில்லை. ஸ்டென்ட் வைத்தவர், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் எடுக்கிறார். அதோடு செறிவூட்டிய பூண்டு மாத்திரை சேர்ந்தால் ரத்தக் கசிவு அபாயம் கூடலாம். ரசத்தில் தட்டிப்போடும் நாலு பல் போதும்.

சிவப்பு ஈஸ்ட் அரிசிதான் என்னைத் தூங்கவிடவில்லை. அதில் வேலை செய்யும் மோனகோலின் கே என்பது லோவாஸ்டாடின் என்ற மருந்தேதான், அணுவுக்கு அணு. ஸ்டாடினுக்குப் பயந்து ஓடியவர் அளவு தெரியாத இன்னொரு ஸ்டாடினைப் பிடித்திருக்கிறார். ஒரு டப்பாவில் இருக்கும் அளவு அடுத்ததில் இருக்காது. சிலவற்றில் சிறுநீரகத்தைக் கெடுக்கும் சிட்ரினின் என்ற பூஞ்சை நஞ்சும் இருக்கும். 2024-இல் ஜப்பானில் ஒரு சிவப்பு ஈஸ்ட் தயாரிப்பால் பலருக்குச் சிறுநீரகம் பாதித்து, அதைக் கடைகளிலிருந்து திரும்பப் பெற்றார்கள்.

இவற்றை ஸ்டாடின் மாத்திரையோடு நேருக்கு நேர் நிறுத்தியும் பார்த்திருக்கிறார்கள். 2022-இல் வெளியான ஸ்போர்ட் ஆய்வில் ரோசுவாஸ்டாடின் என்ற ஸ்டாடின் 5 மில்லிகிராமை மீன் எண்ணெய், பூண்டு, மஞ்சள், லவங்கப்பட்டை, தாவர ஸ்டெரால், சிவப்பு ஈஸ்ட் அரிசி ஆறோடும் ஒப்பிட்டார்கள். 28 நாளில் ரோசுவாஸ்டாடின் எல்டிஎல்லை 38 சதவீதம் குறைத்தது. மற்ற ஆறில் ஒன்றுகூட வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை.

இசப்கோல் அந்தப் பட்டியலில் இல்லை. நான்கில் என் ஓட்டு அதற்குத்தான். தினமும் 10 கிராம் எடுத்தால் எல்டிஎல் சுமார் 7 சதவீதம் இறங்கும். உமி குடலில் கொழகொழவென்று ஊறிப் பித்த அமிலத்தைப் பிடித்துக்கொண்டு வெளியேறும். புதுப் பித்தம் சுரக்கக் கல்லீரல் ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை இழுத்துக்கொள்ளும். நம் ஊர்க் கேழ்வரகுக் களியிலும் நார் உண்டு, பெரும்பாலும் கரையாத வகை. அதனால் இந்த வேலைக்குக் களியைவிட ஓட்ஸ், வெண்டைக்காய், பருப்பு வகைகள் மேல். இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிக்க வேண்டும். மற்ற மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி விட வேண்டும்.

மறுநாள் காலையிலேயே பெரியப்பாவை அவருடைய டாக்டரிடம் கூட்டிப் போனேன். அட்டோர்வாஸ்டாடின் மறுபடி தொடங்கியது. அலமாரியில் இப்போது இசப்கோல் டப்பா மட்டும் இருக்கிறது. புதனும் ஞாயிறும் பெரியம்மா மத்திக் குழம்பு வைக்கிறார். சித்திரையில் எடுத்த பரிசோதனையில் எல்டிஎல் 70-க்குக் கீழே வந்திருந்தது. அடுத்தது ஆடியில்.