1924: விண்கலம் கட்டிய இரண்டு பொறியாளர்கள்

1924-இல் வந்த இரண்டு ரஷ்யப் படைப்புகளை என்னால் தனித்தனியாக நினைக்கவே முடிவதில்லை. ஒன்று, யாகோவ் புரோட்டசானோவ் இயக்கிய 'ஏலிடா' என்ற மௌனப்படம். இன்னொன்று, யெவ்கேனி ஜம்யாதினின் 'நாம்' நாவல். சொந்த நாட்டில் அச்சேற வழியில்லாமல், நியூயார்க்கில் ஆங்கில மொழிபெயர்ப்பாகத்தான் அது முதலில் வந்தது. இரண்டிலும் நாயகன் பொறியாளன். இருவரும் விண்கலம் கட்டுகிறார்கள்.

கண்ணுக்கு விருந்து என்றால் படம்தான். அலெக்சாண்ட்ரா எக்ஸ்டர் வடிவமைத்த செவ்வாய்க் கிரகவாசிகளின் உடைகளை இன்றும் நிறுத்தி நிறுத்திப் பார்க்கிறேன். பணிப்பெண்ணின் கால்சட்டை விறைத்த பட்டைகளால் ஆன கூண்டு. நடக்கும்போது கூண்டும் கூடவே நடக்கும். தேவைப்படாத தொழிலாளர்களைக் குளிரில் உறைய வைத்து அடுக்கும் காட்சி மனதை விட்டுப் போகாது. ஆனால் செவ்வாய் கொஞ்ச நேரம்தான், மீதியெல்லாம் மாஸ்கோவின் நெரிசலும் பற்றாக்குறையும்.

நாவலில் அலங்காரமே இல்லை. எதிர்கால அரசு ஒன்றின் கண்ணாடிச் சுவர் வீடுகள், பெயருக்குப் பதில் எண்கள். ஒரு கவளத்தை ஐம்பது தடவை மெல்ல வேண்டும் என்பது சட்டம். திரைச்சீலையை இறக்க இளஞ்சிவப்புச் சீட்டு வேண்டும். ஜம்யாதின் கப்பல் பொறியாளர். இங்கிலாந்தில் பனி உடைக்கும் கப்பல்களின் கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர். கதையைச் சொல்லும் நாயகன், கணக்கின் அழகில் மயங்கும் டி-503-இன் குரல் அவ்வளவு நம்பும்படி இருப்பது அதனால்தான் என்று நினைக்கிறேன். தலைப்பைத் தமிழில் 'நாங்கள்' என்று சொல்லக் கூடாது. யாரையும் வெளியே நிற்க விடாத அரசு அது. 'நாம்' என்றால்தான் அந்த மூச்சுமுட்டல் வரும்.

முடிவில்தான் இரண்டும் நேருக்கு நேர் மோதுகின்றன. படத்தில் செவ்வாய்ப் பயணம் முழுக்கக் கனவு. வானிலிருந்து வந்த மர்மச் செய்தி ஒரு டயர் விளம்பரம். பொறியாளன் லோஸ் தன் வரைபடங்களை நெருப்பில் போடுகிறான், நமக்கு வேறு வேலை இருக்கிறது என்று. படம் அதை நல்ல முடிவாகவே காட்டுகிறது. எனக்கோ அந்தத் தாள்கள் எரிவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

நாவலிலும் கற்பனை எரிக்கப்படுகிறது, மூளைக்குள் கதிர் பாய்ச்சி. அறுவைக்குப் பிறகு டி-503 தலைவலி நீங்கியவன்போல எழுதுகிறான். அவன் காதலித்தவளை மணி வடிவக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காற்றை உறிஞ்சி வதைக்கிறார்கள். அவன் எதிரே அமர்ந்து பார்க்கிறான். அவள் முகம் வெளுத்து அழகாக இருக்கிறது என்று குறித்துக்கொள்கிறான்.

நேரமிருந்தால் படத்தை முதலில் பாருங்கள். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நாவல்தான். சோவியத் வாசகர்கள் அதைத் தங்கள் நாட்டு அச்சில் படிக்க 1988 வரை காத்திருந்தார்கள்.