கென்யாவின் ஜிகோ அடுப்பு: ஈராண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

நைரோபியில் குடியேறிய முதல் மாதத்திலேயே ஒரு ஜிகோ அடுப்பு வாங்கினேன். ஏழாம் மாதம் அதன் மண் கிண்ணம் விரிந்து இரண்டாகப் பிளந்தது. அதன் பிறகு ஷவுரி மோயோ பகுதியில் தகர வேலை செய்பவர்களிடம் நேரில் வாங்கிய இரண்டாவது அடுப்பு, வாரத்தில் நான்கு நாளாவது எரிந்து, இரண்டு ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. இரண்டையும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சுவாஹிலியில் ஜிகோ என்றால் அடுப்பு. நம் வீடுகளில் முன்பு புழங்கிய கும்மட்டி அடுப்பின் உறவினர் என்று சொல்லலாம். உடுக்கையைப் போல இடை சிறுத்த தகரக் கூடு. அதன் மேல்பாதிக்குள் துளையிட்ட சுடுமண் கிண்ணம். கீழ்ப்பாதியில் காற்றுக்கும் சாம்பலுக்குமான சிறு கதவு. விளிம்பில் பாத்திரத்தைத் தாங்க மூன்று தகர நாக்குகள். அதற்கு முன் இங்கே பரவலாக இருந்த முழுத் தகர அடுப்பில் கரியின் சூட்டில் பெரும்பகுதி பக்கவாட்டில் வீணாகிக்கொண்டிருந்தது. மண் கிண்ணம் அந்தச் சூட்டைப் பிடித்து வைத்துப் பாத்திரத்துக்குத் திருப்புவதால், கரிச் செலவு 30 முதல் 50 விழுக்காடு வரை குறைவதாகச் சோதனைகள் காட்டியுள்ளன. பழைய தகர அடுப்பில் ஒரு நாளில் தீர்ந்துபோகும் ஒரு டப்பா கரி, என் சமையலறையில் ஒன்றரை நாளுக்குக் குறையாமல் வருகிறது.

புதுப்பிக்கத்தக்க எரிசக்தி குறித்த ஐக்கிய நாடுகள் மாநாடு 1981இல் நைரோபியில் நடந்த காலத்தை ஒட்டி, தாய்லாந்தின் வாளி அடுப்பை முன்மாதிரியாகக் கொண்டு இந்த வடிவம் இங்கே உருவாக்கப்பட்டது. காப்புரிமை கோரப்படாததால், திறந்த வெயிலில் வேலை செய்வதாலேயே 'ஜுவா காலி' (கடும் வெயில்) என்று பெயர் பெற்ற கைவினைஞர்கள் யாரிடமும் அனுமதி கேட்காமல் அதைச் செய்யத் தொடங்கினார்கள். போட்டி பெருகப் பெருக விலை இறங்கி, ஏழை வீடுகளுக்கும் அடுப்பு போய்ச் சேர்ந்தது. இந்த அடுப்பின் மிகப் பெரிய சிறப்பாக நான் கருதுவது இதைத்தான். மண் வனைபவர், பழைய எண்ணெய் பீப்பாயை வெட்டித் தகடாக்குபவர், இரண்டையும் பொருத்துபவர், தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்பவர் என்று ஒரே பொருளில் நான்கைந்து வீடுகளில் உலை கொதிக்கிறது. மேற்கே கிசுமு வட்டாரக் கிராமங்களில் 'உபேசி' என்ற விறகடுப்புக்கான மண் கிண்ணங்களைப் பெண்கள் குழுவாகச் சேர்ந்து வனைந்து விற்பதும் இதே வழியில் வளர்ந்த தொழில்தான்.

ஆனால் எவரும் செய்யலாம் என்ற அதே காரணத்தால் தரத்துக்கு உத்தரவாதம் இல்லை. நகரத்துக் கடை ஒன்றில், பளபளக்கும் வண்ணப் பூச்சைப் பார்த்து வாங்கிய என் முதல் அடுப்பின் கிண்ணம் சூளையில் சரியாக வேகாதது. இரண்டாவதை வாங்கும்போது நம் ஊரில் சட்டி வாங்குவதைப் போல விரல் முட்டியால் தட்டிப் பார்த்தேன். வெந்த கிண்ணம் 'டங்' என்று கணீரென ஒலித்தது. பக்கத்தில் இருந்த வேகாத ஒன்று 'டொப்' என்று அமுங்கியது. கிண்ணத்துக்கும் தகரத்துக்கும் நடுவே சிமெண்டுப் பூச்சில் இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும், ஏனென்றால் விரிசல் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

காய்ந்த சோளமும் பயறும் சேர்த்து வேகவைக்கும் கிதேரிக்கு இதைவிடப் பொருத்தமான அடுப்பு இல்லை: கரி முழுவதும் கனிந்ததும் கதவை முக்கால்வாசி சாத்திவிட்டால், இரண்டு மூன்று மணி நேரம் கிளறாமலே மெல்ல வேகிறது. அவசரமாகத் தேநீர் போட மட்டும் இது உதவாது, கரி பிடிப்பதற்கே கால் மணி நேரம் ஆகிவிடும். புகை குறைவு என்பதை நம்பி, மூடிய அறையில் எரிப்பது உயிருக்கே ஆபத்து. கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடு இதிலும் வருகிறது. நான் பின்வாசலில் வைத்துத்தான் சமைக்கிறேன்.

கரி எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்லாமல் இருக்க முடியாது. கிராமங்களில் மரத்தை அடுக்கி மண்ணால் மூடிப் பல நாள் மூட்டம் போட்டுச் சுடுகிறார்கள். வறட்சியில் பயிர் பொய்த்த குடும்பத்துக்குக் கைக்கு வரும் காசு பல சமயம் அதுவாகத்தான் இருக்கிறது. நகரத்து விலையில் அவர்களுக்குக் கிடைப்பது சிறு பங்கே. மீதி லாரிக்காரர்களுக்கும் தரகர்களுக்கும் போகிறது. 2018 பிப்ரவரியில் அரசு காடுகளில் மரம் வெட்டத் தடை விதித்தபோது கரி விலை ஏறியது, அப்போது இந்த அடுப்பு வைத்திருந்த வீடுகள் ஓரளவு தப்பித்தன. பாரிங்கோ பகுதியில் 1980களில் நடப்பட்டு மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய மதெங்கே மரத்தையும் கரியாக்கி விற்கிறார்கள். அது வேறெதுவுமில்லை, நம் இராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான். கிடைக்கும் இடத்தில் நான் அந்தக் கரியையே கேட்டு வாங்குகிறேன்: கனமானது, நின்று எரிகிறது, அதற்காக நல்ல மரம் வெட்டப்படவில்லை என்ற நிம்மதியும் இருக்கிறது.

பிளந்த முதல் அடுப்பை நான் எறிந்துவிடவில்லை. ஷவுரி மோயோவில் அதே தொழிலாளி பழைய கிண்ணத்தைத் தட்டி எடுத்துவிட்டு, அதே கூட்டுக்குள் புதிய கிண்ணத்தைப் பதித்துக் கொடுத்தார். அடுத்த வீட்டில் இப்போது தினமும் மாலையில் சோளம் வாட்டுவது அதில்தான்.