1,200 ரூபாய் குறைந்த நாள்: ஹோஸ்டிங் தொழிலுக்கு பில்லிங் மென்பொருள் தேடியபோது

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணி. ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிலிருந்து அக்கவுன்ட்ஸ் பார்க்கும் அம்மா போன் செய்தார். "ஏங்க, நேத்து ராத்திரியிலிருந்து மெயில் ஒண்ணுமே வரலைங்களே. ஷிப்பிங் டாக்குமென்ட் அனுப்பணும், பையர் காத்துட்டு இருக்காரு." திறந்து பார்த்தால், அவர்களுடைய சர்வரை எங்கள் பில்லிங் மென்பொருள் நள்ளிரவில் சஸ்பெண்ட் செய்திருந்தது. பணம் பாக்கி என்று காட்டியது. "கட்டியாச்சுங்களே, பேங்க்ல பணம் அனுப்பின யுடிஆர் நம்பர் அனுப்பட்டுங்களா?" என்றார் அந்த அம்மா.

உண்மையிலேயே கட்டியிருந்தார்கள். வருடக் கட்டணம் 60,000. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 10,800. மொத்தம் 70,800. அவர்கள் 60,000-க்கு 2 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுப்பவரே முன்கூட்டிப் பிடிக்கும் வருமான வரி) பிடித்துக்கொண்டு 69,600 அனுப்பியிருந்தார்கள். மீதி 1,200 ரூபாய் எங்கள் பான் எண்ணில் வருமான வரித் துறைக்குப் போய்விடும். மென்பொருளுக்கு அது தெரியாது. 1,200 பாக்கி, கெடு தாண்டி ஏழு நாள் ஆகிவிட்டது, நிறுத்து. ஏழு நாள் என்று எழுதி வைத்தது நான்தான். டிடிஎஸ் கழித்து வரும் பணத்தை எப்படிப் பதிவது என்று யோசிக்காமல் விட்டதும் நான்தான்.

கரூரில் ஒன்பது வருடமாகச் சின்ன அளவில் ஹோஸ்டிங், அதாவது மற்றவர்களின் இணையதளத்தையும் மெயிலையும் சர்வரில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் தொழில், நடத்துகிறேன். வாடிக்கையாளர்கள் முந்நூறு பேருக்குச் சற்று மேல். வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்கிறவர்கள், பஸ் பாடி கட்டும் பட்டறைகள், கொசுவலை கம்பெனிகள், நாலைந்து பள்ளிக்கூடங்கள். கூட வேலை பார்ப்பது ஒரே ஒரு தம்பி. அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகுதான் பில்லிங் மென்பொருளை உட்கார்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும் என்று முடிவு செய்தேன். சும்மா கிடந்த ஒரு சர்வரில் ஒவ்வொன்றாக நிறுவி, மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் முதலில் வைத்த சோதனை ஒன்றுதான்: 70,800 ரூபாய் பில்லுக்கு 69,600 வந்தால் நீ என்ன செய்வாய்?

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பது, "ஜோஹோ புக்ஸ் இருக்கே, எதுக்கு இவ்வளவு சிரமம்?" நியாயமான கேள்வி. ஜிஎஸ்டி கணக்குக்கு அது அருமை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஹோஸ்டிங்கில் பில் என்பது வெறும் கணக்கு இல்லை. பணம் வந்த அடுத்த நிமிடம் சிபேனல், டைரக்ட்அட்மின் மாதிரி சர்வரை நிர்வகிக்கும் பேனலில் கணக்கு திறக்க வேண்டும், டொமைன் (இணையதளப் பெயர்) பதிவாளரிடம் ரின்யூவல் போக வேண்டும், பணம் வராவிட்டால் நிறுத்த வேண்டும், வந்ததும் திரும்பத் திறக்க வேண்டும். இதையெல்லாம் கையால் செய்த காலமும் எங்களுக்கு உண்டு. ஒரு எக்செல் தாளில் டொமைன் தேதிகளை எழுதி வைத்திருந்தேன். ஒரு பட்டறையின் டாட் காம் பெயர் அதில் தவறிப்போய், மீட்பு அவகாசம் என்கிற 30 நாளுக்குள் போய் விழுந்தது. வழக்கமான ரின்யூவலைப் போலப் பல மடங்கு கொடுத்துத்தான் திரும்ப வாங்கினோம். அந்தப் பணம் என் கையிலிருந்து போனது. அதனால் கணக்கும் சர்வரும் ஒரே இடத்தில் பேசிக்கொள்ளும் மென்பொருள்தான் வேண்டும்.

இந்தத் தொழிலில் யாரைக் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் டபிள்யூஎச்எம்சிஎஸ். சொல்வதற்குக் காரணமும் இருக்கிறது. எந்த டொமைன் பதிவாளர், எந்தப் பேமென்ட் கேட்வே (இணையத்தில் பணம் வாங்கித் தரும் சேவை), எந்த விபிஎஸ் (மெய்நிகர் சர்வர்) பேனல் என்றாலும் அதற்கு ஒரு மாட்யூல், அதாவது இணைப்பு நிரல், யாராவது எழுதி வைத்திருப்பார்கள். இந்திய கேட்வேக்களுக்கும் கிடைக்கும். வேலைக்குப் புதிதாக வரும் பையனுக்கும் அது முன்பே தெரிந்திருக்கும். டிக்கெட் (புகார் பதிவு), நாலெட்ஜ்பேஸ் (உதவிக் குறிப்புகள்) எல்லாம் உள்ளேயே உண்டு.

எனக்கு இடித்தது அதன் விலை முறை. செயலில் உள்ள வாடிக்கையாளர்களை எண்ணிக் கட்டணம்: 250 வரை ஒரு படி, 500 வரை அடுத்த படி, 1,000 வரை அதற்கும் மேல். வருடம் 1,500 ரூபாய் கட்டும் பள்ளிக்கூடமும் ஒரு எண்தான், 70,800 கட்டும் ஏற்றுமதிக்காரரும் ஒரு எண்தான். எங்களைப் போல, ஒரே சர்வரைப் பலருக்குப் பகிர்ந்து தரும் மலிவான ஷேர்டு ஹோஸ்டிங் நிறைய விற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. சிபேனலும், பிளெஸ்க் என்ற இன்னொரு சர்வர் பேனலும், இதுவும் இப்போது வெப்ப்ரோஸ் என்ற ஒரே குடையின் கீழ் இருக்கின்றன. 2019-ல் சிபேனல் கணக்கு எண்ணிக்கைக்கு ஏற்ப விலை வைத்தபோது எத்தனை சிறு நிறுவனங்கள் டைரக்ட்அட்மினுக்கு ஓடின என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் நினைவிருக்கும். சர்வர் பேனலும் பில்லிங்கும் ஒரே கையில் இருப்பது எனக்குப் பயம் தருகிறது. டாலரில் கட்டுவதால் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணம் தனி. வெளிநாட்டுச் சேவை என்பதால் ரிவர்ஸ் சார்ஜில் ஜிஎஸ்டியும் நாமே கட்டிவிட்டுப் பிறகு கிரெடிட் எடுக்க வேண்டும். இந்தக் கடைசி இரண்டும் எந்த வெளிநாட்டு மென்பொருளை வாங்கினாலும் உண்டு. பட்ஜெட் போடும்போது மறந்துவிடாதீர்கள்.

இலவசம் என்று பார்த்தால் ஃபாஸ்பில்லிங். பழைய பாக்ஸ்பில்லிங்கிலிருந்து பிரிந்து வந்த திறமூல மென்பொருள். நல்ல மனசோடு உழைக்கிறார்கள், தோற்றமும் சுத்தமாக இருக்கிறது. ஆனால் நான் பார்த்தபோது பதிப்பு எண் பூஜ்யத்தில்தான் தொடங்கியது. முந்நூறு பேர் பணத்தை அதில் ஏற்ற எனக்குத் துணிவில்லை. முதல் இருபது வாடிக்கையாளரோடு தொடங்குகிறவர்கள் கற்றுக்கொள்ள ஏற்றது. பேமென்டர் என்று இன்னொன்று, கேம் சர்வர் விற்கிற இளைஞர்களுக்கு நன்றாகப் பொருந்தும். ஹோஸ்ட்பில் பெரிய கம்பெனிகளுக்கான சாமான், நமக்கு எட்டாது.

கடைசியில் நான் எடுத்தது பிளெஸ்டா. வாடிக்கையாளர் எண்ணிக்கைக்குக் கட்டணம் இல்லை. ஒருமுறை வாங்கிவிட்டு, அப்டேட்டுக்கும் உதவிக்கும் வருடாவருடம் கட்டிக்கொள்ளும் உரிமமும் இருக்கிறது. அதன் நிரலின் பெரும்பகுதி மூடாமல் திறந்தே கிடக்கிறது. எங்கள் தம்பிக்கு அது எழுதப்பட்டிருக்கும் பிஎச்பி நிரல்மொழி தெரியும் என்பதால், ஒரு இடம் புரியவில்லை என்றால் கோப்பைத் திறந்து படித்துவிடுகிறான்.

என் 1,200 ரூபாய்ச் சோதனைக்கு அது தந்த பதிலைச் சொல்கிறேன். பிளெஸ்டாவில் பணம் ஒரு தனிப் பதிவு, பில் ஒரு தனிப் பதிவு. வந்த பணத்தை எந்தப் பில்லில் எவ்வளவு என்று நாம் பிரித்து வைக்கலாம். பணம் வரும் வகைகளை நாமே உருவாக்கிக்கொள்ளலாம். காசோலை, நெஃப்ட் என்று இருப்பதோடு ‘டிடிஎஸ்’ என்று ஒரு வகை சேர்த்தேன். இப்போது 69,600 நெஃப்ட், 1,200 டிடிஎஸ், பில் முடிந்தது. காலாண்டு முடிந்து, எங்கள் பான் எண்ணில் பிடித்த வரியைக் காட்டும் வருமான வரிப் படிவத்தில் ஏறியதும் அந்த வகையை மட்டும் வடிகட்டி எடுத்து ஆடிட்டரிடம் கொடுக்கிறேன். யார் பிடித்தார்கள், யார் இன்னும் அரசிடம் கட்டவில்லை என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடுகிறது. முன்பெல்லாம் ஆடிட்டர் கேட்டால் பாங்க் ஸ்டேட்மென்டோடு இரண்டு நாள் மல்லுக்கட்டுவேன்.

சஸ்பெண்ட் விஷயமும் எனக்குப் பிடித்தது. வாடிக்கையாளர் குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள் கணக்கு வைக்கலாம். ஏற்றுமதிக்காரர்களுக்கு 30 நாள், பள்ளிகளுக்கு 45, புதிதாக வருகிறவர்களுக்கு 7. டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸிலும் ஒரு குழுவை சஸ்பெண்டிலிருந்து முழுதாக விலக்கி வைக்க வழி உண்டு. ஆனால் எனக்கு வேண்டியிருந்தது விலக்கு இல்லை, அவகாசம். கணக்கைத் தானாக அழிக்கும் வசதியை மட்டும் எந்தக் குழுவுக்கும் நான் போடவில்லை. அழிக்கும் வேலையைக் கையால்தான் செய்வேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

அப்புறம் ஜிஎஸ்டி. இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் சறுக்குகிறார்கள். தமிழ்நாட்டுக்குள் என்றால் சிஜிஎஸ்டி 9, எஸ்ஜிஎஸ்டி 9. வெளி மாநிலம் என்றால் ஐஜிஎஸ்டி 18. இரண்டு நிலை வரி, மாநில வாரியாக விதி என்று பிளெஸ்டா, டபிள்யூஎச்எம்சிஎஸ் இரண்டிலுமே வைக்கலாம். சோதிக்க வேண்டியது மாநிலப் பெயரை எப்படி வாங்குகிறது என்பதை. வாடிக்கையாளர் தானே தட்டச்சு செய்யும்படி விட்டால் ‘தமிழ்நாடு’ என்பதை ஆங்கிலத்தில் ஆறு விதமாக எழுதுவார்கள், வரி விதி பொருந்தாமல் பில் வரியே இல்லாமல் போய்விடும். பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படிதான் இருக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், புரொஃபார்மா, அதாவது வரி இன்வாய்ஸாகக் கணக்கில் ஏறாத முன்பில். ரின்யூவல் பில்லை 15 நாள் முன்பே அனுப்புகிறோம். பத்தில் இரண்டு பேர் "இந்த வருஷம் வேண்டாம்" என்பார்கள். அனுப்பியது வரி இன்வாய்ஸாக இருந்தால் ஜிஎஸ்டிஆர்-1 என்ற விற்பனைக் கணக்குப் படிவத்தில் ஏற்ற வேண்டும், வராத பணத்துக்கு வரி நிற்கும், பிறகு கிரெடிட் நோட் போட வேண்டும். புரொஃபார்மாவாக அனுப்பி, பணம் வந்ததும் அது இன்வாய்ஸ் எண் வாங்கிக்கொள்ளும்படி வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. பிளெஸ்டாவிலும் இருக்கிறது, டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸிலும் இருக்கிறது. முதல் நாளே போட்டுவிடுங்கள். எண் வரிசை விடுபடாமல் போக வேண்டும், 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும், நிதியாண்டுக்குள் ஒரே எண் இரண்டு முறை வரக்கூடாது. ஏப்ரல் 1 காலையில் இன்வாய்ஸ் எண்ணின் முன்னொட்டை மாற்றுவதற்காகவே எங்கள் அலுவலகக் காலண்டரில் சிவப்பில் வட்டம் போட்டிருக்கிறோம்.

‘கார்டிலிருந்து தானாகப் பணம் எடுக்கும்’ என்று எல்லா மென்பொருளும் பெருமையாகச் சொல்லும். அதை நம்பி வாங்காதீர்கள். 2021 அக்டோபர் 1 முதல் ரிசர்வ் வங்கியின் இ-மேன்டேட் (தானாகப் பணம் எடுக்க வாடிக்கையாளர் தரும் முன்னனுமதி) விதிப்படி, எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே தகவல் போக வேண்டும், 15,000 ரூபாய்க்கு (2022 ஜூன் வரை 5,000) மேலான பொதுவான கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் வாடிக்கையாளர் ஓடிபி கொடுக்க வேண்டும். கார்டு எண்ணை நம் சர்வரில் வைக்கவும் கூடாது. எங்கள் வாடிக்கையாளர்கள் யுபிஐ, நெஃப்ட் இரண்டில்தான் கட்டுகிறார்கள். அதனால் கேட்வே மாட்யூலில் பார்க்க வேண்டியது வெப்ஹுக், அதாவது பணம் வந்ததைக் கேட்வே தானாகவே நம் சர்வருக்குச் சொல்லும் வசதி. யுபிஐயில் பணம் அனுப்பியதும் பாதிப் பேர் போனை அணைத்துப் பையில் போட்டுவிடுவார்கள், நம் பக்கத்துக்குத் திரும்பி வர மாட்டார்கள். வெப்ஹுக் இல்லாத மாட்யூலாக இருந்தால் பணம் வந்தும் பில் பாக்கியாகவே நிற்கும். பத்து ரூபாய் பில் ஒன்று போட்டு, கட்டியவுடன் பிரவுசரை மூடிப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் பில் முடிந்தால் சரி.

சப்போர்ட் பகுதியில் எனக்குப் பெரிய ஆசைகள் இல்லை. எங்கள் ஆட்கள் யாரும் டிக்கெட் போடுவதில்லை, போன் செய்வார்கள். தம்பி கேட்டுக்கொண்டே அவர்கள் பெயரில் டிக்கெட் திறக்கிறான். அப்போது அவர்களுடைய டொமைன், சர்வர், பாக்கி எல்லாம் பக்கத்திலேயே தெரிய வேண்டும். பிளெஸ்டாவின் சப்போர்ட் மேனேஜர் அதைச் செய்கிறது. ஃப்ரெஷ்டெஸ்க், ஜோஹோ டெஸ்க் இரண்டும் டிக்கெட்டுக்கு இதைவிட எவ்வளவோ மேல், ஐந்தாறு பேர் உட்கார்ந்து பதில் சொல்லும் இடம் என்றால் அவற்றைத்தான் எடுப்பேன். இரண்டு பேருக்கு ஒரே திரை போதும்.

குறையையும் சொல்லிவிட வேண்டும். டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸுக்கு இருக்கும் அளவுக்கு மாட்யூல்கள் பிளெஸ்டாவுக்குக் கிடைக்காது. நீங்கள் பயன்படுத்தும் டொமைன் பதிவாளரும் கேட்வேயும் அந்தப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மற்றதெல்லாம். வீட்டில் நிரல் எழுதத் தெரிந்த ஆள் இல்லாவிட்டால், எண்ணிக்கைக் கட்டணம் போனாலும் போகட்டும் என்று டபிள்யூஎச்எம்சிஎஸ்ஸையே எடுங்கள். வருத்தப்பட மாட்டீர்கள்.

எதை எடுத்தாலும் அதைத் தனிச் சர்வரில் வையுங்கள். எல்லாச் சர்வரின் சாவியும் அதனிடம்தான் இருக்கும். 2012 மே மாதம் டபிள்யூஎச்எம்சிஎஸ் நிறுவனத்தின் சொந்தச் சர்வருக்குள் ஆட்கள் நுழைந்தார்கள். ஒரு வரி நிரல்கூடத் தேவைப்படவில்லை. உரிமையாளர் போலப் பேசி, சரிபார்ப்புக் கேள்விகளுக்குச் சரியான பதில் சொல்லி, அவர்களுடைய ஹோஸ்டிங் நிறுவனத்திடமிருந்தே அனுமதியை வாங்கிவிட்டார்கள். அதைப் படித்ததிலிருந்து, போனில் யார் பாஸ்வேர்டு கேட்டாலும், எத்தனை வருடப் பழக்கமாக இருந்தாலும், பதிவான எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்ட பிறகுதான் கொடுக்கிறோம்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது, தமிழில் பில். திரையிலும் மெயிலிலும் தமிழ் அழகாக வருகிறது. பிடிஎஃப் ஆக மாறும்போது கெட்டுப்போகிறது. ‘செல்வம்’ என்று கொடுத்தால் கொம்பு ‘ச’-வுக்குப் பின்னால் போய் நிற்கிறது. எழுத்துருவை மாற்றினால் ரூபாய்க் குறி கட்டமாகத் தெரிவது சரியாகிறது, கொம்பு மட்டும் முன்னால் வருவதில்லை. எழுத்தை இடம் மாற்றிக் கோக்கும் வேலை பிடிஎஃப் செய்யும் நிரலுக்குத் தெரியவில்லை. இப்போதைக்கு பிடிஎஃப்பில் பெயர் ஆங்கிலத்திலும், கூடப் போகும் மெயிலில் பெயர், தொகை, கெடு தேதி மூன்றும் தமிழிலும் போகின்றன. பிரவுசர் வழியாகவே பிடிஎஃப் எடுக்கும்படி தம்பி ஒரு பிளகின் எழுதிக்கொண்டிருக்கிறான். போன வாரம் சோதனைக்கு அச்சடித்த பில்லில் கொம்பு சரியான இடத்தில் வந்தது, மொத்தத் தொகை அடுத்த பக்கத்துக்கு ஓடிவிட்டது. அதைச் சரிசெய்துகொண்டிருக்கிறோம்.