கெட்டிமேளத்துக்குப் பயப்படும் கேமரா

ஹார்ட் டிஸ்க் வைத்த பழைய ஹெச்டி கேம்கார்டர்கள் செகண்ட் ஹேண்டில் சல்லிசாகக் கிடைக்கின்றன, வாங்கலாமா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னிடம் அப்படி ஒன்று வருடக்கணக்காக இருப்பது அவருக்குத் தெரியும். போனில் ஆமாம், இல்லை என்று முடிக்க முடியவில்லை. அதனால் எழுதியே விடுகிறேன்.

120 ஜிபி டிஸ்க், முழு ஹெச்டி, 12 மடங்கு ஆப்டிகல் ஜூம் என்பதெல்லாம் இந்த வகைக் கேமரா வைத்திருந்தவர்களுக்குத் தெரிந்ததுதான். கம்பெனி பெயர் வேண்டாம். நான் திட்டப்போவது ஒரு கம்பெனியை அல்ல, உள்ளே சுற்றும் அந்த டிஸ்க்கை.

என் கேமராவுக்குச் சத்தம் ஆகாது. கல்யாண மண்டபத்தில் மேடையோரம், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். புரோகிதர் கையை உயர்த்துகிறார், இரண்டு தவிலும் ஒரே நேரத்தில் வெடிக்கின்றன, மாப்பிள்ளை குனிகிறார். கேமரா திரையில் ஓர் எச்சரிக்கை வருகிறது, பதிவு நின்றுவிடுகிறது. மறுபடி பட்டனை அமுக்கி அது யோசித்து முடிப்பதற்குள் மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நாத்தனார் நிமிர்ந்துவிட்டார். அட்சதை விழுவது மட்டும் அருமையாகப் பதிவாகியிருக்கிறது.

ரிப்பேர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை. கையேட்டிலேயே போட்டிருக்கிறது: டிஸ்கோ போலப் பெருஞ்சத்தம் உள்ள இடங்களில், அதிர்வினால் ஹார்ட் டிஸ்க்கில் பதிவாகாமல் போகலாம் என்று. எழுதியவர்கள் டிஸ்கோவைத்தான் யோசித்திருக்கிறார்கள். தவில், பறை, செண்டை, ஆயிரம்வாலா எதுவும் அவர்கள் கணக்கில் இல்லை. நம் ஊரில் கேமராவைக் கையில் எடுக்கிற எல்லா இடத்திலும் இதில் ஏதாவது ஒன்று இருக்கும். அமைதியாக நடக்கிற விசேஷம் எது, சொல்லுங்கள்?

காரணம் எளிது. டிஸ்க் சுற்றும்போது, எழுதும் ஹெட் அதன் மேல் சில நானோமீட்டர் இடைவெளியில் காற்றில் மிதக்கிறது. கீழே மெல்லிய தடங்கள். ஓடுகிற டவுன் பஸ்ஸில் நின்றபடி ஃபாரத்தில் கட்டத்துக்குள் கையெழுத்துப் போடுகிற வேலை அது. பெட்டி அதிர்ந்தால் ஹெட் தடத்திலிருந்து விலகும், திரும்ப வந்து எழுதப் பார்க்கும், மறுபடி விலகும். அதற்குள் படம் வந்து பஃபர் என்ற தற்காலிக மெமரியில் குவிந்துகொண்டே இருக்கும். அது நிரம்பியதும் கேமரா கையை விரித்துவிடும். 2008 கடைசியில் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் பொறியாளர் ஒருவர் டேட்டா சென்டரில் ஹார்ட் டிஸ்க் அடுக்கைப் பார்த்துக் கத்தி, அந்த நொடியில் டிஸ்க்குகள் தடுமாறுவதைத் திரையில் வரைபடமாகவே காட்டினார். இணையத்தில் பிரபலமான வீடியோ அது. ஒரு மனிதனின் கத்தலுக்கே சர்வர் டிஸ்க் அப்படித் திணறுகிறது என்றால், தவிலுக்கு என் கேமரா எம்மாத்திரம்?

இதற்குத் துணையாக டிராப் சென்சார் என்று ஒன்று. கேமரா கை நழுவினால், கீழே மோதுவதற்கு முன்பே அது தெரிந்து ஹெட்டை ஓரங்கட்டிவிட வேண்டும். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழ அரை விநாடி கூட ஆகாது. அதற்குள் இத்தனையும் செய்கிறது என்றால் கெட்டிக்காரத்தனம்தான், பாராட்டுகிறேன். ஆனால் உடம்பு லேசாகிற எந்த அசைவும் அதற்கு விழுவதுதான். தீவுத்திடல் பொருட்காட்சியில் கொலம்பஸ் என்கிற கப்பல் ஊஞ்சலில் ஏறிப் பிள்ளைகள் அலறுவதைப் படம் பிடிக்கலாம் என்று பார்த்தால், கப்பல் உச்சிக்குப் போய்த் திரும்பும் இடத்தில் எல்லாம் கேமராவும் அலறி நின்றுவிடும். மெனுவில் போய் சென்சாரை அணைக்கலாம். அணைத்த பிறகு கை நடுங்குவது நமக்கு.

மலைப்பக்கம் போகிறவர்களுக்கு இன்னொரு வரி. ஹெட் மிதப்பது காற்றில் என்பதால் காற்று மெலிந்தால் அதற்குச் சிக்கல். என் கையேடு 3,000 மீட்டருக்கு மேல் பயன்படுத்தாதே என்கிறது. தொட்டபெட்டா 2,637 மீட்டர்தான், பயமில்லை. லே நகரமே 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே எடுத்துப் போய்ப் பிரயோஜனமில்லை.

சரி, இவ்வளவு திட்டியாயிற்று. நியாயமும் பேச வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கம் பாரதக் கூத்து இரவு பத்து மணிக்கு மேல் ஆரம்பித்தால் விடிந்த பிறகுதான் முடியும். மினி டிவி (MiniDV) வீடியோ கேசட் காலத்தில் அதைப் பதிவு செய்வது பெரும் பாடு. ஒரு மணி நேரத்துக்கு ஒரு கேசட். கட்டியங்காரன் நல்ல கட்டத்தில் இருக்கும்போதுதான் டேப் தீரும். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் ஏற்ற, ஓடிய நேரம் முழுக்க மறுபடி ஓடவிட வேண்டும். இந்தக் கேமராவில் உயர்ந்த தரத்திலேயே 14 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். கூட்டத்துக்குப் பின்னால் ஸ்டாண்டில் நிறுத்தி, மின் இணைப்பைக் கொடுத்துவிட்டால் அது பாட்டுக்கு ஓடும். முகவீணையும் மிருதங்கமும் அந்தத் தூரத்தில் அதைத் தொந்தரவு செய்வதில்லை. அந்தக் காலத்துப் போட்டோ கேமராக்கள் பலவும் 30 நிமிடத்துக்குச் சற்று முன்னால் நின்றுவிடும். அரை மணி நேரம் பதிவு செய்தால் அன்றைய ஐரோப்பியச் சுங்கக் கணக்கில் அது வீடியோ கேமரா ஆகி வரி கூடிவிடும் என்பதால் வைத்த வரம்பு. இதற்கு அந்த வரம்பு கிடையாது. கர்ணன் ஆட்டம் கட்டியதிலிருந்து சாய்ந்தது வரை நடுவில் வெட்டே இல்லாமல் இருக்கிறது. அந்த ஒரு பதிவுக்காக அதன் நூறு குற்றத்தை மன்னிக்கலாம் என்று சில நாள் தோன்றும்.

டியூப்லைட்டும் அப்படித்தான். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் போனில் மண்டபத்துப் பழைய குழல் விளக்குகள் சிமிட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே விற்ற கேம்கார்டர்கள் PAL என்ற நம் டிவி முறைப்படி 50i கணக்கில், அதாவது விநாடிக்கு 50 அரைப்படம் என்று ஓடுவதால் அந்தத் தொல்லை இல்லை. கண் வலிக்காமல் பார்க்கலாம். பேட்டரி இன்னும் எத்தனை நிமிடம் வரும் என்று திரையிலேயே காட்டுகிறது, அதுவும் ஓரளவு உண்மையாகவே.

கம்ப்யூட்டர் பக்கம் போனால் திரும்பவும் கோபம். யூஎஸ்பியில் இணைக்க வேண்டுமென்றால் மின் அடாப்டரையும் செருகியாக வேண்டும். பேட்டரி முழுசாக இருந்தாலும் கேட்காது. ஃபைல்களுக்குப் பெயர் வெறும் எண்கள். இந்தக் கேமரா வீடியோவைச் சேமிக்கிற ஏவிசிஹெச்டி என்ற முறையை சோனியும் பானாசோனிக்கும் சேர்ந்து 2006-ல் அறிவித்தபோது, வீட்டில் டிவிடி போடுகிறவர்களை மனதில் வைத்திருப்பார்கள் போல. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போய்த்தான் படத்தைத் தேட வேண்டும். என் கேமரா 2 ஜிபிக்கு ஒருமுறை ஃபைலை வெட்டும், அதாவது சுமார் 16 நிமிடத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஒட்டும் இடத்தில் ஒரு விக்கல். துண்டுகளை அப்படியே வரிசையாக ஒரே ஃபைலாக இணைத்துவிட்டால் விக்கல் போய்விடும். விண்டோஸின் காப்பி கட்டளையை பைனரி முறையில் கொடுத்தால் போதும், தனி மென்பொருள் வேண்டாம். அசைவில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் பதறாதீர்கள், விஎல்சி பிளேயரில் டீஇன்டர்லேஸ் என்ற வசதியைப் போட்டால் மறையும்.

போன வருடம் திரையின் ஃபிளெக்ஸ் கேபிள் அறுந்து, படம் தலைகீழாகவும் வெள்ளையாகவும் மாறி மாறி வந்தது. திருப்பித் திருப்பி மடக்கும் திரை என்பதால் இந்த வகைக் கேமராக்களுக்கு இது வழக்கமான வியாதி. சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிட்சி தெருவில் ஒருவர் மாற்றிக் கொடுத்தார். கொடுக்கும்போது போகிற போக்கில், "டிஸ்க்ல எதுக்கு சார் எடுக்கிறீங்க, கார்டுல போடுங்க" என்றார்.

மெமரி கார்டு வசதி முதலிலிருந்தே உண்டு, போட்டோ எடுப்பதற்கு என்று சொல்லி விற்றார்கள். மெனுவில் வீடியோவையும் அங்கே திருப்பிவிடலாம். திருப்பிவிட்டேன். 32 ஜிபி கார்டு, எஸ்டிஹெச்சி வகை. அடுத்த கல்யாணத்தில் வேண்டுமென்றே தவிலுக்கு எதிரில் போய் நின்றேன். கேமரா அசரவில்லை. அமைதியான அறையில் பேட்டி எடுத்தால் ஒலியில் கலந்து வந்த அந்த மெல்லிய இரைச்சலும் காணோம், ஏனென்றால் டிஸ்க் இப்போது சுற்றுவதே இல்லை.

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எதைக் காட்டி இந்தக் கேமராவை விற்றார்களோ, அதைத் தொடாமல் இருந்தால்தான் இது நல்ல கேமரா. லென்ஸ் சரி, மைக் சரி, ஜூம் சரி, பெயரிலேயே இருக்கிற ஹார்ட் டிஸ்க் மட்டும் வெறும் சுமை. அந்தக் காலத்தில் 120 ஜிபிக்கு ஈடாகக் கார்டு கேட்டிருந்தால் கடைக்காரர் சிரித்திருப்பார், எஸ்டிஹெச்சி வகையே 32 ஜிபியோடு முடிந்துவிடும், அதெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மூன்று முடிச்சு திரும்ப வராதே.

பத்துக்கு எட்டு மார்க் கொடுப்பேன். ஆனால் வாங்காதீர்கள். இத்தனை வருடம் சுற்றிய டிஸ்க் எந்த நாளில் நிற்கும் என்று விற்பவருக்கும் தெரியாது. அந்த டிஸ்க்குக்குள் முந்தைய ஓனரின் குடும்ப வீடியோ வேறு கிடக்கும், பார்த்து அழிக்க வேண்டும். அப்படியும் மலிவாயிருக்கிறதே என்று ஆசைப்பட்டால், கார்டில் வீடியோ பதிவாகும் மாடலா என்று முதலில் கேளுங்கள். மின் அடாப்டர் இல்லாமல் கொடுத்தால் காசைக் கையில் எடுக்காதீர்கள். திரையை நாலு முறை திருப்பிப் பாருங்கள். கேமராவைக் காதருகில் வைத்து, டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்தால் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

என்னுடையதைக் கொடுக்கிறாயா என்று அந்த நண்பர் அடுத்து கேட்பார். பங்குனியில் ஊரில் கூத்து வைக்கிறார்கள், கொடுப்பதற்கில்லை.